பேஸ்போல் பார்க்காதவர்

எங்கள் வோபர்ன் பகுதியில், முழங்கால் சிகிச்சைக்குப் போகும் இடத்தில் அவரைக் கண்டேன். முப்பது வருடம் லண்டனில் இருந்துவிட்டு இங்கே குடிவந்தவர். உள்ளே வந்தும் கோட்டின் ஐந்து பொத்தான்களையும் கழற்றமாட்டார். தொலைக்காட்சியில் பேஸ்போல் வந்தால் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார்.

“உது இங்கிலாந்திலை பள்ளிக்கூடப் பெட்டையள் விளையாடுறது, அண்ணை. வெள்ளைக்காரன் கண்டால் சிரிப்பான்.”

“அமெரிக்காவிலை என்ரை மச்சான் கிரிக்கெட்டைப் பாத்துச் சிரிக்கிறான். அஞ்சு நாள் விளையாடி, இடையிலை தேத்தண்ணியும் குடிச்சு, ஒருத்தரும் வெல்லாமல் வீட்டை போறதோ எண்டு.”

அன்று நான் இதைச் சொன்னதும் அவர் கதிரையை இன்னும் சுவரோடு நெருக்கிப் போட்டார். ஆனால் தொலைக்காட்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எண்ணினேன், பதினான்கு தடவை.

கடைசிச் சுற்றில் இரண்டு அணிகளும் சமமாக நிற்க, என்னை உள்ளே கூப்பிட்டார்கள். “ஆர் வெல்லுறாங்கள் எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ” என்று கெஞ்சிவிட்டுப் போனேன். இருபத்திரண்டு நிமிடத்தில் நொண்டிக்கொண்டு வந்தால் விளம்பரம் ஓடியது.

“ஆர் வெண்டது?”

“நான் உதெல்லாம் பாக்கிறேல்லை, அண்ணை.”

வரவேற்பு மேசைப் பெண் அவரை எட்டிப் பார்த்தாள். “அங்கிள், உங்களை மூண்டு தரம் கூப்பிட்டனான். இனி அடுத்த கிழமைதான்.”

அவர் எழுந்து, தொலைக்காட்சியைப் பார்த்து நின்ற கதிரையை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

வென்றது யாரென்று அன்றே வீட்டில் அறிந்துகொண்டேன். அவர் சொல்லாமல் போனதுதான் இன்னும் எரிகிறது.