கோணலாக நின்ற தேவாலயம்

செக்கர் சார் போட்ட சிவப்பு வட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் வரைபடங்களைச் சரிபார்ப்பவர் அவர். அவர் வட்டம் போட்டால் அங்கே தப்பு என்று அர்த்தம். அன்று தாள் கிழியும்படி அழுத்திப் போட்டார். வட்டத்துக்குள் இருந்தது இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எழுநூறு வருஷப் பழைய தேவாலயம். அங்கிருந்து வந்த அளவுகளை வைத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து அதைக் கணினியில் வரைந்துகொண்டிருந்தோம். வரைந்தவள், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவள். என் பக்கத்து நாற்காலி, செம்பரம்பாக்கத்துக்காரி.

அந்தத் தேவாலயம் நேராக இல்லை. மக்கள் அமரும் கூடத்திலிருந்து பீடம் இருக்கும் பகுதி லேசாக இடப்பக்கம் ஒடிந்து நின்றது. அக்கா அப்படியே வரைந்திருந்தாள்.

"இன்னாமா, கண்ண மூடிகினு வரைஞ்சியா?" என்று சார் ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

அக்கா அசரவில்லை. "கட்டடமே அப்படித்தான் சார் கீது. பீடம் பழசு, செவுரே தடிமனா கீது. கூடத்த அப்பால பெருசாக்கிகிறாங்க. உள்ள பூசை நடக்கசொல்ல, பழைய கூடத்த இடிக்காம சுத்தி செவுரு எழுப்புனா, குறுக்க எப்படி சார் நூல் புடிக்கறது? எங்க ஊட்டயும் அப்படித்தான் கட்டுனாங்க. அதுவும் கோணல்தான்."

சார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் அவள் கையாலேயே ஊசி குத்தி மாட்டவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ நிமித்துடா" என்றார். சாப்பாட்டு வேளைக்குள் நிமிர்த்திவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு வாரத்தில் வெள்ளைக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. எது முதலில் கட்டியது, எது பின்னால் கட்டியது என்பதற்கு அந்தக் கோணல்தான் அவர்களுக்குச் சாட்சியாம். அதை அழித்தது யார் என்று கேட்டிருந்தார்கள். வரைபடத்தின் மூலையில், வரைந்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரே இருந்தது, நான் மாற்றியிருக்கவில்லை. பலகையில் இருந்த தாளை சார் அதற்குள் கிழித்துப் போட்டிருந்தார். அவளை அன்றே அனுப்பினார்கள். பையை எடுத்துக்கொண்டே, "நீயாச்சும் சொல்லேன்டா" என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது செக்கர் நாற்காலியில் நான் இருக்கிறேன். போன மாதம் வேலை கேட்டு வந்த விண்ணப்பங்களில் அக்காவுடையதும் இருந்தது. ஐயப்பன்தாங்கலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாளாம். பழைய கட்டடங்களை வரைந்த அனுபவம் உண்டு என்று எழுதியிருந்தாள். வந்தவர்களில் அவளைவிடத் தகுதியானவர் இல்லை, அது எனக்குத் தெரியும். அவள் வந்தால், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் எல்லாம் தெரிந்துபோகும்.

சிவப்புப் பேனாவை எடுத்து அவள் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன். தாள் கிழிந்தது.