பரிமளா எடுத்துவிட்ட அத்தியாயம்

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் பரிமளாவின் முனைவர் பட்ட ஆய்வு. மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பத்திலிருந்து அப்படி முதல் ஆளாகப் போனவள் அவள். பேசினால் சிரிப்பார்களோ என்று முதல் வருஷம் முழுக்க வாயைத் திறக்காமலே இருந்து, எப்படியோ தப்பிக் கரையேறியவள். இப்போது செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் மாணவர் ஆலோசகர் வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் ஆய்வு.

ஆய்வுக்காக அவளிடம் பேசிய பிள்ளைகளில் கலையரசனும் ஒருவன். மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து அதே கல்லூரிக்கு ரயிலில் வந்து போகிறவன். முதல் நாள் வகுப்பில் எழுந்து, "நான் மதுராந்தகம் பக்கத்துலேர்ந்து வந்துகினு கீறேன் சார்" என்றிருக்கிறான். ஆசிரியர் அதை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்ட, வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் 'கீறேன்' ஆகிவிட்டது. மூன்றாவது முறை பேசும்போதுதான் மிச்சத்தையும் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் கூட உட்கார ஆளில்லை. அதனால் ரயில் நிலையத்துக்கு நடந்துபோய், ஏரி தெரிகிற பக்கமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறான்.

"வூட்ல கூட சொல்லல மேடம். உங்க கிட்டதான் சொல்றேன்" என்றான்.

அன்று மாலை அதை எழுதியபோது பரிமளாவுக்குக் கண் கலங்கியது. கூடவே, இவ்வளவு நாள் தேடியது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

நெறியாளர் அருணகிரி ஏற்பாடு செய்த கருத்தரங்கில் அவள் கட்டுரை வாசித்தாள். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் ஏரி தெரிகிற அந்தக் கடைசி பெஞ்சைச் சொன்னாள். அரங்கம் உறைந்துபோய்க் கேட்டது, முடிந்ததும் நெடுநேரம் கை தட்டியது. யாரோ அதைப் போனில் பிடித்து, நல்ல மனசோடுதான், கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்.

மறுநாள் மதியம் நாலைந்து பையன்கள் அந்த பெஞ்சைத் தேடிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். கலையரசன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். வாயில் சோற்றோடு அவன் நிமிர்ந்து பார்த்த படம் சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் இருந்தது. அதற்கப்புறம் அவன் கல்லூரிப் பக்கமே வரவில்லை.

படம் எடுத்தவர்கள் மேல் பரிமளா புகார் கொடுத்தாள். எச்சரித்து அனுப்பினார்கள். கலையரசன் போனை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவன் ஊருக்கே போனாள்.

அவன் அம்மா பெயர் வேண்டா. களத்திலிருந்து ஓடி வந்தாள். காலேஜிலிருந்து ஆள் தேடி வந்ததில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மகனைக் கூப்பிட்டாள். அவன் வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றான்.

"இன்னாத்துக்கு நின்னுட்டேன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான் மேடம். உங்களுக்காவது தெரியுமா? இன்னா நடந்துச்சு அங்க?"

பரிமளா நிமிர்ந்தாள். சொல்லாதீர்கள் என்பதுபோலக் கலையரசன் தலையை லேசாக, ஒரே ஒரு தடவை அசைத்தான். சொல்லிவிட்டால் அவளுக்குப் பாரம் இறங்கும். தாயும் ஒருவேளை மன்னித்துவிடுவாள்.

"அவனே சொல்லுவான்மா. நான் சொல்றது முறையில்ல" என்றாள்.

வேண்டாவின் முகம் சுருங்கியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைச் சொல்லவா என்பதுபோலப் பார்த்துவிட்டு, மோர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கலையரசன் கூட நடந்தான்.

"உங்க கிட்ட மட்டும்தானே மேடம் சொன்னேன்."

"உன் பேரை எங்கேயும் சொல்லலப்பா."

"பெஞ்ச சொன்னீங்களே."

"தப்புதான். இப்ப நான் இன்னா செய்யணும், சொல்லு" என்றாள்.

"எடுத்துடுங்க. அதுலேர்ந்து என்னை எடுத்துடுங்க."

"காலேஜுக்கு?"

"அந்தக் காலேஜுக்கா?" என்று கேட்டுவிட்டு, பஸ் வருவதற்கு முன்னாலேயே அவன் திரும்பி நடந்தான்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடப் போவதாக அவள் சொன்னதும் அருணகிரிக்குக் கோபம் வந்தது. "ஆய்வோட உயிரே அந்த அத்தியாயம்தாம்மா. ஒப்புதல் கையெழுத்து வாங்கியிருக்கீங்க இல்ல?"

"வாங்கியிருக்கேன் சார். எதுக்குப் போடறோம்னு அவனுக்குத் தெரியாது. எனக்கே தெரியலையே."

"வேற ஆள வச்சு மறுபடி எழுதணும். ஒரு வருஷம் போயிடும்."

"போகட்டும் சார்."

போனது ஒரு வருஷமல்ல, இரண்டு. பேசிய ஒவ்வொரு பிள்ளையையும் மறுபடி உட்கார வைத்து, தான் எழுதியதைப் படித்துக் காட்டினாள். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டே தலையாட்டினார்கள். இருவர் வேண்டாம் என்றார்கள், அதையும் அடித்தாள். ஆய்வு மெலிந்துகொண்டே போனது. ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போனவள், ஒருவன் நிற்கத் தானே காரணமானாள். இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கலையரசன் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு வேறு கல்லூரியில் சேர்ந்தான் என்று வேண்டா போனில் சொன்னாள். எந்தக் கல்லூரி என்று பரிமளா கேட்கவில்லை. அவனும் அவளிடம் அப்புறம் பேசவே இல்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "கருத்தரங்கில் வாசித்த அந்தப் பையன் கதை இதில் காணோமே? அது நன்றாக இருந்ததே."

"அது அவனுடையது சார். திருப்பிக் கேட்டான், கொடுத்துட்டேன்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். பட்டம் கிடைத்தது. அறைக்கு வெளியே எல்லாரும் கைகொடுத்தார்கள். அந்தக் கைகளில் எதையும் பரிமளாவால் அழுத்திப் பிடிக்க முடியவில்லை.