சித்திரையில் பொங்கிய ஜாடி

எங்கள் பக்கத்து ஆட்கள் வாயில் கெட்ட செய்தி நேராக வராது. பயிர் கருகிவிட்டால் "தோட்டம் கொஞ்சம் சுணக்கமுங்க" என்பார்கள். கிணறு வற்றிவிட்டால் "தண்ணி கொஞ்சம் கீழ போயிருக்குதுங்க" என்பார்கள், ஏதோ கடைக்குப் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடும் என்பது போல. அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்கும் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு சித்திரையில் அதே பேச்சு என் அப்பாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைத்தால், சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தொண்டாமுத்தூர் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். மார்கழியில் கொடியைக் கவாத்து செய்வோம். பழைய கிளைகளை வெட்டி மொட்டையாக்கிவிடுவோம். தையில் துளிர்க்கும், சித்திரையில் பழுக்கும். பழத்தை இறக்கி முடித்த பிறகுதான் கோடை மழை வரும். அப்பா பந்தல் போட்ட நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை மழைதான் முதலில் மீறியது. ஒரு வருஷம் பழம் கறுத்துவரும் நேரத்தில் கொட்டித் தீர்த்தது. பழுத்த திராட்சைக்கு அந்த நேரத்தில் மழை ஆகாது, தோல் வெடித்துவிடும். வெடித்த பழம் சீக்கிரமே புளித்து ஈ மொய்க்கும். அடுத்த வருஷம் மழையை முந்திவிடலாம் என்று அப்பா கார்த்திகையிலேயே கவாத்து செய்தார். ஈரத்திலும் பனியிலும் பாதித் துளிர் நோய் பிடித்துக் கருகியது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து மீதியைக் காப்பாற்றினார். அது பங்குனிக் கடைசியில் பழுத்தது. மழையும் பங்குனியிலேயே வந்துவிட்டது.

"நாம முன்னால போனா அதும் கூடவே வருது பாரு, சீலையப் புடிச்சுட்டு வர்ற கொழந்தையாட்ட" என்றாள் அம்மா.

வருஷா வருஷம் எங்கள் பழத்தை எடுக்கிற உக்கடத்து பாய் வந்து, ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, இதக் கூடையில அடுக்குனா மார்க்கெட் போய்ச் சேர்றதுக்குள்ள சாறாயிரும். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

அடுத்த வீதி நர்ஸம்மா கிறிஸ்துமஸுக்குத் திராட்சை வாங்கி ஒயின் போடுவார். அவர்தான் அம்மாவிடம் சொன்னார்: "சாறாயிரும்னா சாறாவே ஆக்கிப்போடுங்க அம்மிணி. வெடிச்ச பழமா, முழுப் பழமான்னு ஜாடிக்குத் தெரியவா போவுது?"

அப்பா வெற்றிலைகூடப் போடாதவர். "நம்மூட்டுல சாராயமா?" என்று எழுந்துவிட்டார்.

"சாராயமில்லீங்க, அவுங்க கோயல்ல குடுக்கறது. நல்லா வந்துச்சுன்னா வெடிச்ச பழத்துக்கும் ஒரு வழியாச்சுல்லங்க" என்றாள் அம்மா. அப்பா பந்தலைப் பார்த்தார். எல்லாவற்றையும் குழியில் கொட்ட அவருக்கும் மனசில்லை. சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஊறுகாய் ஜாடியில் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஒரு கைப்பிடி கோதுமையும் போட்டு, வாயைத் துணியால் கட்டினோம். மூட்டை அடுக்கும் அறையில் வைத்துத் தினமும் மரக்கரண்டியால் கிளறினோம். நர்ஸம்மா போடுவதெல்லாம் குளிர்காலத்தில். அவர் சொன்ன பக்குவமும் குளிர்காலத்துக்கானது. எங்கள் ஜாடியோ சித்திரை வெயிலில் ராத்திரி பகலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டுக்குக் கீழே அந்த அறைதான் வீட்டிலேயே அதிகமாக வேகும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த நேரத்தில்தான் அவிநாசியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தரகர் வந்து சொன்னார். எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் வீடு முழுக்க ஒரே கேள்வி: கை நனைப்பார்களா, மாட்டார்களா? அவர்கள் வரும் நாளில் அம்மா காலையிலிருந்து ஒப்பிட்டுப் போளி, பருப்பு, பாயசம் என்று அடுப்படியை விட்டு நகரவில்லை. நடுவில் ஒருதரம் போய், வாடை வெளியே வரக்கூடாது என்று ஜாடிக்கு மூடி போட்டு, ஓரத்தில் கோதுமை மாவு அப்பி, மேலே கயிறும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள்.

வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா பந்தலுக்குள் ஒரு நடை போய்த் திரும்பினார்.

"கொடியெல்லாம் காலியா இருக்குதுங்களே" என்றார்.

"போன வாரந்தான் காய் எறக்குனோமுங்க. நல்ல வெளச்சலுங்க" என்றார் அப்பா.

நான் காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். காப்பியை எடுத்துக்கொண்டால் பாதிச் சம்மதம் என்று அத்தை காதில் ஓதிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டப்பென்று ஒரு சத்தம். மூடி ஓட்டில் அடித்துக் கீழே விழுந்து உருண்டது. பின்னாலேயே மூட்டை அறைக் கதவுக்கு அடியில் ஊதா நிற நுரை கிளம்பி, சிமென்ட் தரையில் நிதானமாக விருந்தாளிகளை நோக்கி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார். வாடை வீட்டையே நிறைத்தது.

"ஏனுங்க, இது..." என்று இழுத்தார் மாப்பிள்ளையின் அப்பா.

அம்மா வாயைத் திறந்தாள். வெடித்த பழம், வீணாகப் போகவேண்டாம் என்று போட்டோம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நல்ல விளைச்சல் என்று சொன்ன வாயில் இன்னும் ஈரம் காயவில்லை. அம்மாவுக்கு முன்னால் அப்பா பேசிவிட்டார்.

"நாந்தானுங்க. ராத்திரியில கொஞ்சம் குடிக்கற பழக்கமுங்க."

குடிக்கிறவன் வீட்டில்கூடப் பெண் எடுப்பார்கள், வெள்ளாமை போன வீட்டில் எடுக்க யோசிப்பார்கள் என்று அந்த நொடியில் எடைபோட்டிருப்பார். அவர் தலை குனியவில்லை. நான்தான் குனிந்தேன்.

காப்பியை யாரும் எடுக்கவில்லை. "இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்று மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பாயசம் ஆறி ஆடை படிந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பேக்கரியில் அப்பா உட்கார்ந்தால், "ஏனுங்க மாமா, டீ போதுமுங்களா?" என்று கேட்பார்களாம். அப்பாவும் சிரிப்பாராம். அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்ன அத்தையை நான் அன்றைக்கு வைத வசவு இங்கே எழுதக்கூடியதல்ல.

கொஞ்ச நாள் கழித்துத் தரகர் பதிலோடு வந்தார். வாசலிலேயே நின்று, துண்டை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எடம் கொஞ்சம் தோதுப்படலீங்களாமா. குடிக்கறதப் பத்தி ஒன்னுஞ் சொல்லலீங்க. பந்தலுக்குக் கீழ வெடிச்ச பழம் அழுகிக் கெடந்தத மாப்பிள்ளையோட அப்பா அப்பவே பாத்துட்டாருங்களாமா. 'மழை பேஞ்சா அவரு என்ன பண்ணுவாரு, அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன'ன்னு கேட்டாருங்க."

அப்பா தரகர் போகும்வரை நின்றார். பிறகு மூட்டை அறைக்குப் போய், பாதி மிஞ்சியிருந்த ஜாடியைத் தூக்கி வந்து நடுவீட்டில் வைத்தார்.

"ஒரு டம்ளர் கொண்டா கண்ணு. பேருதான் வாங்கியாச்சே, ருசியாவது பாக்கோணுமல்ல."

"ஐயோ, மெல்லப் பேசுங்க" என்றாள் அம்மா.

டம்ளரைக் கொடுக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன். மயில்துத்தம் ஏறிய நகக்கண்கள் பச்சையாகவே இருந்தன. ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். நாக்கைச் சப்புக் கொட்டி, இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

"பழம் நல்லாத்தான் இருந்திருக்குது" என்றார்.