மூட்டையைப் பிரிக்கும் வரை

கடந்த மக்களவைத் தேர்தல் நடந்த வருடம், சித்திரை மாதம். எங்கள் தேனிப் பக்கம் ஓட்டுப் போட்டு முடித்து, விரலில் வைத்த மை அழியாமல் இருந்த நேரம். போடியில் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரங்களை எடுத்தபடியே அக்கா கேட்டாள்.

"ஏலே தம்பி, அந்த ஷேருல கிடக்கிறதுல கொஞ்சம் எடுக்கலாமா?"

"இப்பவா? மார்க்கெட் இருக்கிற இருப்புக்கு இப்ப வித்தா நட்டம்க்கா. எலக்சன் ரிசல்ட் வரட்டும். ரெண்டு மாசம் பொறு."

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். முழுதாக அரை நிமிடம்கூட நடக்காத பேச்சு. நான் வண்டியை எடுத்துக்கொண்டு தேனிக்குக் கிளம்பிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தேனியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஷேர் மார்க்கெட் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஓரளவு நன்றாகவே வந்தது. ஆசிரியர் அறையில் எனக்கு 'மார்க்கெட் சார்' என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனால் எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. யாராவது எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கேட்டால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பதில் சொல்வேன்.

ஆனால் வாங்கியதை விற்காமல் பிடித்து வைக்கிற பொறுமை நான் படித்து வந்ததில்லை. அது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. பெரிய ஆள் இல்லை. மலையிலிருந்து இறங்குகிற காயைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மூட்டை கட்டி, வீட்டை ஒட்டியிருந்த சின்னக் கிட்டங்கியில் அடுக்கி வைத்து, விலை ஏறும்போது விற்பார். விலை இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் மூட்டையைத் தொட மாட்டார். அப்படிக் காய் கட்டிக் கிடக்கும் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் காசு கேட்கக் கூடாது. செருப்பு அறுந்தாலும் சரி, தீபாவளியே வந்தாலும் சரி, மூட்டையைப் பிரிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. "நமக்குக் காசு முடைன்னு வெளிய தெரிஞ்சா வெலைய அடிச்சிருவாக" என்பார் அப்பா.

நான் கடைக்குட்டி. அழுது அடம் பிடித்து வாங்கிக்கொள்வேன். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா கேட்கவே மாட்டாள். ஒரு தடவை காதில் சீழ் வைத்து, தலையணை நனைந்த பிறகுதான் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. அப்பா அதைப் பெருமையாக வேறு நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், வியாபாரி வீட்டுக்கு ஏற்ற பிள்ளை என்று.

அப்பா காலமான பிறகு கிட்டங்கியை விற்றோம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜாக்கெட் தைத்துக் கொடுத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். போடியில் அவள் தைத்த ஜாக்கெட்டுக்குத் தனி மரியாதை. கிட்டங்கியில் வந்த தன் பங்கை என் பக்கம் தள்ளி, "அப்பா மாதிரி நீயே பாத்து வாங்கி வித்துக் குடுப்பா" என்றாள். அவள் பெயரிலேயே டீமேட் கணக்கு ஆரம்பித்து, ஷேர் வாங்கிப் போட்டேன். பெரிய கம்பெனி கொஞ்சம், வளரும் என்று நான் நம்பிய சின்னக் கம்பெனிகள் நிறைய. அந்தச் சின்னக் கம்பெனிகள்தான் அந்தப் பங்குனியில் விழுந்து, சிவப்பிலேயே கிடந்தன.

ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊருக்கே எச்சரிக்கை வருகிறது. எங்கள் அக்கா தம்பி வழக்கம் வேறு. கணக்குக்குள் நுழைய எண் அவள் போனுக்கு வரும். நான் போன் போடுவேன், அவள் வாசிப்பாள், நான் இங்கே தட்டுவேன். வைகாசி வாக்கில் அவள் வாசிப்பது தப்ப ஆரம்பித்தது. மூன்றை எட்டு என்பாள், ஒன்றை ஏழு என்பாள். ஒரு நாள் மூன்று தடவை தப்பாகி, கணக்கு பூட்டிக்கொண்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் என்ன என்று கத்தினேன்.

"போட்டுக்கிட்டுத்தான்ப்பா படிக்கிறேன்" என்றாள்.

இந்தப் பதிலைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் எவன் கவனிக்கவில்லை என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே சொல்லிவிடுகிற ஆள் நான்.

ஓட்டு எண்ணிய நாளை மறக்க முடியாது. பள்ளி திறக்காத நாள். டிவியில் ஓட்டு, கையில் போனில் மார்க்கெட். முதல் நாள் ஏறு ஏறென்று ஏறியது, அன்று காலையிலிருந்து சரிந்தது. இத்தனை வருடத்தில் ஒரே நாளில் அப்படி ஒரு சரிவை நான் பார்த்ததில்லை. சோறு ஆறுகிறது என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் பதறி விற்றுவிட்டதாகப் போனில் சொன்னார்கள். நான் விற்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முடிவதற்குள் விழுந்ததெல்லாம் எழுந்து வந்துவிட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டு, நான் சொன்னேன் அல்லவா என்றேன்.

"அப்ப மூட்டையப் பிரிச்சிரலாமா தம்பி?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டுப் பேச்சு அது. கேட்டதும் சிரித்துவிட்டேன். அவசரப்படாதே, பட்ஜெட் வரட்டும், இன்னும் ஏறும் என்றேன். கூட்டணி ஆட்சி எத்தனை நாள் நிற்கும், வரியைக் கூட்டுவார்களா குறைப்பார்களா என்று பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். அவள் ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காபி கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். முக்காலி விளிம்பில் வைத்ததால் டம்ளர் கவிழ்ந்து என் வேட்டியெல்லாம் காபி. என்னக்கா நீ என்று சலித்துக்கொண்டு, போன் நனைந்துவிடாமல் தூக்கிப் பிடித்தேன். அவள் துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். காபி சிந்தாத இடத்தையும் சேர்த்துத் துடைத்தாள். அதுவும் என் கண்ணில் பட்டது. பட்டு என்ன செய்ய, என் மனசு பட்ஜெட்டில் இருந்தது.

பட்ஜெட்டுக்கும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மார்க்கெட் மேலே போனது. எங்கேயோ சண்டை மூளும் என்றார்கள், அதற்கும் இரண்டு நாள் விழுந்து எழுந்தது. புரட்டாசியில் ஒரு நாள், இனிப் போதும் என்று எனக்கே தோன்றியது. அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்தது வேறொரு பெண் குரல்.

"அண்ணே, நான் பக்கத்து வீடு. நம்பர என்னையப் படிக்கச் சொன்னாக."

அக்கா கை வேலையாக இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் தப்பில்லாமல் வாசித்தார். எல்லாவற்றையும் விற்றேன். நாங்கள் போட்டதற்கு மேல் நல்ல லாபம். பணம் அக்காவின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த அன்று, நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். சர்க்கரைக்காரிக்கு இனிப்பு ஆகாது என்று யோசித்து, காரச்சேவு வாங்கிக்கொண்டேன். அந்த அளவுக்கு யோசித்தேன்.

சாயங்காலம் நாலு மணி, நல்ல வெளிச்சம். வாசலில் போய் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா நேராக என்னைப் பார்த்து, "யாரு?" என்றாள்.

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்தான்க்கா என்றதும் முகம் மலர்ந்து, "இங்கன வந்து உக்காருப்பா" என்றாள். தையல் மெஷினைப் பழைய சேலையால் போர்த்தி வைத்திருந்தாள். நான் போனை நீட்டி, விற்ற தொகையைக் காட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"நல்ல வெலைக்குப் போச்சா?"

"போச்சுக்கா."

"அப்பா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாக" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்ப இனிமே அந்த ஊசியப் போட்டுக்கிறலாம்ல?" என்று கேட்டாள்.

என்ன ஊசி என்றேன். அப்போதுதான் சொன்னாள். பங்குனி கடைசியில் மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டியிருக்கிறாள். சர்க்கரையால் கண்ணுக்குள் நீர் கசிகிறது, இரண்டு கண்ணுக்கும் மாதா மாதம் ஊசி போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் இருந்த தையல் காசில் ஒரு கண்ணுக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மீதிக்குத்தான் அன்று சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் கேட்டது. ஆவணியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் கறுப்பாகத் திரை விழுந்திருக்கிறது. இடது கண்ணில் ஆள் நிழலாகத்தான் தெரிகிறது.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னக்கா? என் கைக்காசக் குடுத்திருப்பேன்ல?"

"ரெண்டு வாட்டி கேட்டேன்ப்பா. பொறுன்ன. காயக் கட்டிப்போட்டிருக்கையில அதுக்கு மேல கேக்கலாமா?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. வீட்டு வழக்கத்தைத் தம்பிக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். நான் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனுசன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றுகூட நினைக்காமல் அழுதேன். அவள் கையை நீட்டித் துழாவி, என் தோளைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் வாடகைக் காரில் மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கண் டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். நான் அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்ததும், "வலது கண்ணுக்கு இனிச் செய்யுறதுக்கு ஒண்ணும் இல்ல சார். இடது கண்ணு இப்ப இருக்கிறத காப்பாத்தப் பாக்கலாம். முதல்லயே தொடர்ந்து வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றார். எனக்கு அப்போது ஒரு கணக்கும் போட வரவில்லை. சித்திரையில் அந்தச் சின்னக் கம்பெனி ஷேர்களை நட்டத்துக்கு விற்றிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று வழியில் மனசு தானாகப் போட்டுப் பார்த்தது. ஒரு நல்ல பைக் வாங்கும் காசுகூடப் போயிருக்காது.

திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காற்று வேகமாக முகத்தில் அடித்ததும், "ஆண்டிபட்டிக் கணவாய் வந்துருச்சுல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைத் தேற்றுகிறதாக நினைத்துக்கொண்டு, "நட்டத்துக்கு விக்காம வச்சிருந்து குடுத்தியே, அதுவே பெருசுப்பா" என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

இப்போது அக்கா எங்களோடு தேனியில் இருக்கிறாள். இடது கண்ணுக்கு ஊசி தொடர்கிறது. நிழல் நிழலாகவே நிற்கிறது, மோசமாகவில்லை. என் மனைவி வெளியே தைத்து வாங்கிவரும் ஜாக்கெட்டைக் கையால் தடவிப் பார்த்து, கைக்குழி சரியாக விழவில்லை என்று சொல்லிவிடுவாள். தையல் மெஷினை விற்க வேண்டாம், அங்கனயே கிடக்கட்டும் என்கிறாள்.

நான் விற்ற சில வாரங்களிலேயே மார்க்கெட் இறங்கத் தொடங்கி, மாதக்கணக்கில் இறங்கியது. சரியாக உச்சியில் விற்ற ஆள் என்று ஆசிரியர் அறையில் என் பெயர் இன்னும் பெரிதாகிவிட்டது. எப்படிக் கணித்தீர்கள் சார் என்று புதிதாக வந்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

இப்போதெல்லாம் வீட்டிலோ பள்ளியிலோ யார் பணம் என்று வாயெடுத்தாலும் முதலில் "எதுக்கு?" என்று கேட்டுவிடுகிறேன், இந்த ஆள் துருவுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், அன்றைக்குத் துண்டில் கை துடைத்துக்கொண்டு நின்ற நான் அக்காவிடம் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.