பூஜையில் இருந்த லேப்டாப்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுதபூஜை அன்று காலை, ஆவடி பருத்திப்பட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. குழந்தைகளுக்கான பருத்திச் சட்டை, கவுன்களை நானும் மாமியாருமாகத் தைத்து, சொந்தமாக ஒரு இணையதளக் கடை வைத்து விற்கிறோம். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள்தான் எங்கள் பிழைப்பே.

ஆயுதபூஜை என்றால் எங்கள் வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம். தையல் மெஷின், கத்தரிக்கோல், இஞ்ச் டேப், கூடவே என் லேப்டாப் என எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிடுவார். மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. எனக்கென்ன, ஒருநாள் ஓய்வு என்று பொரியைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சென்னை பாடியிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். முன்பின் அறியாதவர்; எங்கள் விளம்பரத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்தாராம். மகளுக்குக் கவுன் வாங்க எங்கள் தளத்தைத் திறந்திருக்கிறார்.

"இன்னாம்மா உன் கடை? பாதுகாப்பு இல்ல, உள்ள போவாதன்னு போட்டுகினு கீது!"

என் செல்போனில் திறந்து பார்த்தேன். பகீரென்றது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. இது எங்கள் கடைதான், தட்டுகிற கார்டு எண்ணை வழியில் யாரும் படிக்க முடியாது என்று வாங்குபவருக்கு உறுதி தருவதே அதுதான். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதைப் புதுப்பிக்கத் தேவையான ரகசியச் சாவிக் கோப்போ லேப்டாப்புக்குள் மட்டும்தான். லேப்டாப் சாமி முன்னால், பொட்டும் பூவுமாக!

மாமியாரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? "ஒண்ணுமில்லக்கா, அந்த எச்சரிக்கைக்குக் கீழே 'அட்வான்ஸ்டு'ன்னு இருக்கும், அதை அமுக்கிட்டு உள்ளே வாங்க" என்றேன் சாமர்த்தியமாக.

அந்த அக்கா அமுக்கவில்லை.

"போன மாசம் ஒருத்தன் இப்டிதாம்மா, பரவால்ல அமுக்குன்னான். அமுக்கினேன். சேத்து வச்ச துட்டெல்லாம் பூடுச்சி. நீயும் அதயே சொல்றியே?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவமானமாக இருந்தது. "லைன்லயே இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"இன்னா ஆச்சி?" என்றார் மாமியார்.

"நம்ம நெட் கடைப் பூட்டு கெட்டுப்போச்சு அத்தை. லேப்டாப்பை எடுத்தாத்தான் சரிபண்ண முடியும்."

இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் தானே தூக்கிவந்து என் கையில் கொடுத்தார்.

"கடைய தொறந்து போட்டுட்டு பூஜை இன்னாத்துக்கு? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பூட்ட போடு."

விரலெல்லாம் குங்குமம் ஒட்ட ஒட்டச் சான்றிதழைப் புதுப்பித்தேன். அந்த அக்கா அதுவரை போனை வைக்கவே இல்லை. மறுபடி திறந்து பார்க்கச் சொன்னேன்.

"ம்... இப்ப திட்டல" என்று சிரித்தவர், மஞ்சள் கவுன் ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். அவ்வளவு பட்டும் என்னை நம்பிக் கார்டு எண்ணைத் தட்டினாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போதெல்லாம் ஆயுதபூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கும் மாமியார், "பூட்டு தேதி பாத்துட்டியா?" என்று கேட்ட பிறகுதான் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறார். அன்றைய குங்குமக் கறை கீபோர்டின் ஓரத்தில் இன்னும் போகவில்லை. யாரிடமாவது 'பரவாயில்லை, உள்ளே வாங்க' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என் கண் தானாக அங்கே போய்விடுகிறது.