வெறுங்கை கேட்ட செப்புத் தகடு

பாண்டீஸ்வரி இறந்துபோன செய்தி எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் நடந்துதான் வந்தது. செல்போன்களை நாங்கள் வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். காவலாளி கருப்பசாமி அண்ணாச்சி கண்ணைத் துடைத்தபடி வருவதைத் தூரத்திலேயே பார்த்தேன். அப்போதும் அவர் ஓடவில்லை. கம்பெனிக்குள் எது நடந்தாலும் ஓடக்கூடாது என்பது பாண்டீஸ்வரி போட்ட சட்டம். “நம்ம இன்ஜினியரம்மா போயிட்டாகளாம் சார். மதுரை ஆஸ்பத்திரியில. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சாம்” என்றார். முந்தின நாள் தலைவலி என்று சீக்கிரம் கிளம்பியவர், “மிச்சச் சண்டையை நாளைக்கு வச்சுக்குவோம் அண்ணாச்சி” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நாற்பதுகூட ஆகாத பெண். இப்படியா ஏமாற்றுவது?

அவர் வந்த புதிதில், பிராசஸ் இன்ஜினியர் என்று ஒருவர் நமக்கு எதற்கு என்று கேட்டவன் நான்தான். உற்பத்தியைக் கவனிக்க நான் இருக்கிறேன், மருந்து கலக்க ஆள் இருக்கிறது. பட்டாசுக்குள் போகும் ரசாயனத்தை இங்கே மருந்து என்போம். “பட்டாசு செய்யறது உங்க வேலை அண்ணாச்சி. அது எந்த இடத்துல கைமீறிப் போகும்னு முன்னாடியே பாக்கறது என் வேலை” என்றார். அச்சங்குளத்தில் அவருடைய அம்மா திரி அடுக்கும் வேலைக்குப் போய்த்தான் அவரைக் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில் சில வருடம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார்.

இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். பட்டம் வேண்டும், ஏதாவது ஒரு ஆலையில் பயிற்சி வேண்டும் என்று சொல்லிவிட்டு, “இட்லி கல்லு மாதிரி வருது. என்ன செய்வே?” என்று கேட்பார். உளுந்தைக் கூட்டுவேன், அரிசியை மாற்றுவேன், கூடுதலாகப் புளிக்க விடுவேன் என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். “எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ண மட்டும் மாத்து. பொறுத்துப் பாரு” என்பார். நான் அவரை இட்லி இன்ஜினியர் என்றுதான் கேலி செய்வேன். அவரும் பதிலுக்கு என் தொப்பையைப் பேசாமல் விட்டதில்லை.

கலவை அறை வாசலில் செப்புத் தகடு பதிக்க வைத்தவர் அவர்தான். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட, உள்ளே போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். சின்னப் பொறி போதும், அறையே போய்விடும். ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள் தகடு முழுக்கச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தது. உயிரைக் காக்கிற சாமியாயிற்றே! பொட்டு கலைந்துவிடும் என்று யாரும் கையை அழுத்தவில்லை. காய்ந்த சந்தனத்தை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள். சந்தனப் பூச்சுக்கு மேல் தொட்டால் மின்சாரம் சரியாக இறங்காது.

அதைப் பார்த்த பாண்டீஸ்வரிக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லோரையும் மெதுவாக வெளியே வரச் சொல்லி வேலையை நிறுத்தினார். தீபாவளி லோடு நிற்கிறதே என்று நான் கத்தினேன். “லோடு நாளைக்குப் போகும் அண்ணாச்சி. சோலையம்மாளுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக” என்றார். சோலையம்மாள்தான் அந்த அறையில் மருந்து கலக்கிறவர். பிறகு புளி வாங்கிவரச் சொல்லி, கீழே உட்கார்ந்து அவரே தகட்டைத் தேய்த்தார். “சாமிக்குப் பொட்டு வைங்க, பூப் போடுங்க. இதுக்கு ஒண்ணும் வேணாம்த்தா. இது உங்க வெறுங்கையத்தான் கேக்குது” என்றார்.

காரியம் முடிந்து வேலை தொடங்கிய அன்று, வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவர் இல்லாத முதல் நாள், அவர் சொன்னதெல்லாம் நிற்குமா என்று பயமாக இருந்தது. கலவை அறைக்குப் போனேன். சோலையம்மாள் அழுதுகொண்டே புளி போட்டுத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் மீந்த பூச்சரத்தை அதில் சாத்தப் போனாள். “படத்துக்குப் போடுத்தா. இங்கன வேணாம்” என்று தடுத்தார். நான் கையை நீட்டினேன். சோலையம்மாள் என் விரலைப் பார்த்தார்.

“கையக் கழுவிட்டு வாங்க சார்.”

பாண்டீஸ்வரி படத்துக்கு வைத்த பொட்டின் ஈரம் விரலில் இன்னும் காயவில்லை. அதைக் கழுவ எனக்கு மனமே வரவில்லை. குழாயடியில் நின்று வாய்விட்டு அழுதேன். கழுவினேன். துடைத்துக்கொண்டு வந்து வெறுங்கையைத் தகட்டில் வைத்தேன். பாண்டீஸ்வரி எனக்கு விட்டுப்போனது அந்தக் குளிர்ச்சிதான். அதைத் தொடாமல் இனி அந்த அறைக்குள் போகமாட்டேன்.