வேளாங்கண்ணியின் வண்டிக்கு ஒரு காற்றுக்குழாய்

மொத்த வியாபாரிகள் மட்டுமே நின்று ஏலம் கேட்ட கடியப்பட்டணத்து மணலில் முன்வரிசையில் ஓர் இடம். கூடையை விட்டுவிட்டுப் பெட்டி பெட்டியாக மீன் எடுக்கும் தைரியம். மீன்கூடையைக் கண்டதும் விசிலடித்துப் பேருந்தைக் கிளப்பிவிடும் நடத்துநர்களிடமிருந்து விடுதலை. நாகர்கோவிலில் பெரிய ஓட்டல்களின் சமையலறை வாசல். குடியை விட்ட ஒரு புருஷன். கடைசியாக, டர்போ வைத்த ஒரு டீசல் வண்டி. வேளாங்கண்ணி ஜெயித்தவை இவை. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் அவளைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் சிலேட்டைத் துடைக்கப் பழகியதோடு சரி. அம்மா படுக்கையில் விழுந்ததும் தலையில் கூடை ஏறிவிட்டது. அண்ணன் இஞ்ஞாசி ஆறாம் வகுப்புவரை போனான். அவள் எந்தத் தாளிலும் பெருவிரலைத்தான் வைத்தாள். அது அவளுக்குப் பெரிய குறையாகத் தோன்றியதில்லை, வண்டி வாங்குகிற நாள் வரைக்கும்.

வண்டி விற்ற கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் அவளுடைய பெருவிரலைப் பார்த்தான். மீன் வாடை அடிக்கிறதா என்று பார்த்தது போலிருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் பேரில் எடுத்தால் வேலை சுலபம் என்றான். பணம் வாங்கும்போது அந்த விரல் அவனுக்கு இடைஞ்சலாக இல்லை. ஆக, வண்டி புருஷன் ஆன்ட்ரூஸ் பேரில் வந்தது. ஓட்டுவதும் அவன்தான். அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்து எங்கே போக வேண்டுமென்று சொல்வாள். ஊரில் அவனை வேளாங்கண்ணிக்க டிரைவர் என்றார்கள். அவன் கேட்டுச் சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்பு முழுசானதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பிரைட்டன் வந்து சேர்ந்தான். ஆன்ட்ரூசின் சித்தப்பா மகன். முட்டத்தில் பிறந்து, மரக்கட்டையைப் பிடித்து நீச்சல் பழகி, எட்டு வருஷம் வளைகுடாவில் ஏதோ ஒரு பட்டறையில் கார் கழுவிவிட்டு, கார்களைக் கண்டுபிடித்தவனே தான்தான் என்ற நடையோடு திரும்பியவன். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பூசைக்கு வருவான். நற்கருணை வாங்கும்போதும் அது இறங்காது. நாகர்கோவில் ரோட்டில் கார்களுக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடை போட்டிருந்தான். கடையில் மினுங்காத பொருள் அவனுடைய மூளை ஒன்றுதான்.

அவன் கொண்டுவந்த சரக்கு ஒரு காற்றுக்குழாய். வெள்ளி போலப் பளபளக்கும் வளைந்த குழல், அதன் நுனியில் சிவப்பாகக் கூம்பு போல ஒரு வடிகட்டி. கம்பெனி வைத்த காற்றுப்பெட்டி மூடியோடு மேலே பத்திரமாக இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டினால், முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாகத் தொங்கிக்கொண்டு குளிர்ந்த காற்றை இழுக்குமாம். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற சின்னக் காற்றாடி. அதற்குத் தாராளமாக மூச்சுவிட வழி செய்தால் வண்டி பறக்கும் என்றான். கேட்டுக்கொண்டிருந்த ஆன்ட்ரூசின் முகம் புதுச்சட்டை கிடைத்த பையன் முகம் போல ஆயிற்று.

வேளாங்கண்ணி இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே விசாரித்தாள். இதை மாட்டினால் ஒரு பெட்டி கூடுதலாக ஏற்றலாமா? முடியாது. டீசல் குறையுமா? குறைந்தாலும் குறையும் என்று இழுத்தான். பிறகு எதற்கு?

“இழுவை மைனி. பிறகு சத்தம். மிதிச்சா விசிலு மாதிரி ஒரு சத்தம் வரும், பாத்துக்கிடுங்க.”

“பஸ்ஸுகாரன் அடிச்ச விசிலே எனக்கு இந்த சென்மத்துக்குப் போரும் மக்கா. மீனுக்கு என்ன அவசரம்? அது செத்துல்லா கெடக்கு.”

பக்கத்தில் புதுப் பெட்டிகளில் பெயிண்டால் பெயர் எழுதிக்கொண்டிருந்த இஞ்ஞாசி சிரித்தான். பிரைட்டனுக்கு அது பொறுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்துத் துடைத்தபடி, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

“ஆர்.சி. புக்குல ஆருக்க பேரு? அண்ணனுக்க பேருல்லா. ஒப்பு போட்டவன் சொன்னா போரும். கைநாட்டுகிட்ட டர்போவைப் பத்திக் கேக்கதுக்கு நான் என்ன கிறுக்கனா?”

ஒப்பு என்றால் கையெழுத்து. அவள் ஆன்ட்ரூசைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வானென்று நினைத்தாள். அவன் காலால் ஒரு நத்தை ஓட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். குழாய் மாட்டுவதா வேண்டாமா என்பது அந்த நேரத்திலேயே சின்ன விஷயமாகிவிட்டது. அது யாருடைய வண்டி என்பது மட்டும் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. அவள் இறாலை அலசிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஆன்ட்ரூஸ் வண்டியைக் கொண்டுபோனான். இருட்டும்போது திரும்பி வந்தான். வேளாங்கண்ணி வெளியே வந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டைக் குழலை யாரோ ஊதுவது போல ஒரு சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் விடியலில் வள்ளங்கள் கரையேறின. ஆடி மாசத்துக் கடல். அலை ஒரு ஒழுங்கில் வராது. சும்மா கிடப்பது போலக் கிடந்துவிட்டு ஒன்று மட்டும் மேடுவரை ஏறி வரும். அதனால் ஆன்ட்ரூஸ் எப்போதும் வண்டியைப் பின்பக்கமாகத்தான் ஈரமணலுக்கு இறக்குவான். பெட்டியை ஏற்றியதும் நேரே மேலே ஏறிவிடலாம். அன்றைக்கு அவன் மூக்கை நேரே கடலைப் பார்க்க விட்டுக்கொண்டு வந்தான். பக்கத்து இருக்கையில், அவளுடைய இடத்தில், பிரைட்டன் உட்கார்ந்திருந்தான். அவள் மணலில் நடந்து வந்து ஏற்கனவே ஏலத்தில் நின்றிருந்தாள்.

வண்டி நின்றதும் பிரைட்டன் குதித்திறங்கிப் பானட்டைத் திறந்தான். வள்ளத்துப் பையன்கள் கூடினார்கள். எஞ்சினை அணைக்காமல் மிதித்து மிதித்து விசிலடிக்க வைக்கும்படி ஆன்ட்ரூசிடம் சைகை காட்டினான். பிறகு ஒரு காலைப் பம்பரில் வைத்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளிர்ந்த காற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தான்.

அந்தக் கரையில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது கடலுக்கு முதுகு காட்டாதே என்பதைத்தான். பிறகுதான் சிலுவை போடச் சொல்லிக் கொடுப்பார்கள். முட்டத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாமலில்லை. எட்டு வருஷம் குழாய்த் தண்ணீரில் கார் கழுவியவனுக்குத் தண்ணீர் என்றால் தான் திறந்துவிடும்போது மட்டும் வருகிற ஒன்று என்ற நினைப்பு வந்துவிட்டது போலும்.

அலையை முதலில் பார்த்தவள் வேளாங்கண்ணி.

“ஏலே, தண்ணி வருவு. வண்டியைப் பொறத்த எடும்.”

முதல் பாதி பிரைட்டனுக்கு, இரண்டாம் பாதி புருஷனுக்கு. இரண்டு பேருக்குமே அந்த விசிலில் எதுவும் கேட்கவில்லை. பையன்கள் விலகி ஓடினார்கள். அலை பிரைட்டனின் இடுப்பில் அடித்து அவனைப் பானட்டுக்குள்ளேயே குப்புறத் தள்ளியது. தாழத் தொங்கிய சிவப்புக் கூம்பு கேட்டது கிடைத்ததென்று குளிர்ச்சியாக ஒரு வாய் குடித்தது. உள்ளே எதுவோ ஒரு தடவை ‘டக்’கென்றது. வண்டி நின்றுவிட்டது.

வள்ளம் இழுக்கிற வடத்தைப் போட்டுத்தான் வண்டியை மேலேற்றினார்கள். வள்ளத்துக்குப் போடுகிற ஏலோலப் பாட்டை இதற்கும் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் பிரைட்டனின் பெயரைச் சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கடல் கொண்டுபோயிருந்தது. நெற்றி முதல்முறையாகக் காலியாக இருந்தது. இந்தச் சமயத்தில் தண்ணி ஏறும்னு ஆருக்குத் தெரியும் என்று அவன் முனகியபோது, வடம் பிடித்திருந்தவர்கள் சிரிப்பில் இழுப்பை விட்டார்கள். வண்டி மறுபடி ஒரு அடி கீழே போயிற்று.

வேளாங்கண்ணி சிரிக்கவில்லை. பெட்டிகள் வெறும் மணலில் கிடந்தன. இஞ்ஞாசியைக் கூப்பிட்டு ரோட்டில் போன ஒரு காலி டெம்போவை மறித்து, தானும் ஒரு கைப்பிடியைப் பிடித்து ஏற்றினாள். சுற்றி நின்ற ஆண்கள் எஞ்சினுக்கு வந்த நோயைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓட்டல் வாசல்களில் மீனை இறக்கிவிட்டு மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தாள்.

ஆன்ட்ரூஸ் முற்றத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் போனதில் உள்ளே ராடு வளைந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதாகச் சொன்னான். அவள் திட்டுவாளென்று காத்திருந்தான். அவள் காலைக் கழுவினாள்.

“வண்டி சரியாவட்டு. சரியான பிறகு அது எனக்க பேருல வரணும்.”

“அதுக்கு ஒப்பு போடணுமே.”

“போடுவேன்.”

“உனக்குத்தான்…” என்று தொடங்கியவன் அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கொஞ்சம் கழித்து, “அன்னைக்கு அவன் கைநாட்டுன்னு சொன்னப்ப நான் பேசியிருக்கணும்” என்றான்.

“பேசியிருக்கணும்” என்றாள் அவள்.

இஞ்ஞாசி எழுதப் பழக்குகிறேன் என்று சிலேட்டோடு வந்தபோது அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தேவையானது ஒவ்வொரு மீன்பெட்டியின் மூடியிலும் இருந்தது. இஞ்ஞாசி அளவுகோல் வைத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி பிசகாமல் நீலப் பெயிண்டில் எழுதிய அவளுடைய பெயர். இத்தனை காலமும் அதை அடையாளமாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது ஐஸ் அள்ளுகிற நேரத்திலும் ஏலத்துக்குக் காத்திருக்கிற நேரத்திலும் ஈர விரலால் அதன்மேல் ஓட்டினாள். ‘வே’ சீக்கிரம் வசப்பட்டது. ‘ளா’ சொன்னபடி கேட்டது. ‘ண்’ணின் சுழிகள்தான் பிடிவாதம் பிடித்தன. எத்தனை சுழி என்று இஞ்ஞாசியிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். விரல் பழகியதும் பேனாவுக்கு மாறினாள். பேனா வழுக்கியது. மறுபடி பழகினாள்.

வண்டி பழைய காற்றுப்பெட்டியோடு திரும்பி வந்தது. வெள்ளிக்குழலைப் பிரைட்டன் வந்து வாங்கிப்போனான், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். கூம்பை அவன் கேட்கவில்லை. அது, ஓட்டல்களுக்குப் போக மிஞ்சிய மீனை அவள் விற்கிற சந்தைக் கடையில் காக்கை விரட்டத் தொங்குகிறது. அந்தச் சாமான் உருப்படியாகச் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

பேர் மாற்றுகிற அலுவலகத்தில் ஆன்ட்ரூஸ் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு விலகி நின்றான். மேசைக்குப் பின்னாலிருந்தவர் அவளை ஒருமுறை பார்த்தார். கேட்காமலே மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதன் மூடியைச் சாத்தி, அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். பிறகு பேனாவை வாங்கினாள். அவசரப்படவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள், காலை மாற்றினார்கள். அவள் இடைவெளி பிசகாமல், சுழிகள் குறையாமல், வேளாங்கண்ணி என்று எழுதினாள். அன்று 2011 ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை.